கப்பலுக்காகச் செத்த பெரியண்ணன்

கப்பல் ஏறிய மூன்றாம் நாள், தமிழ்ப்ரியாவின் அப்பாவுக்காக நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அந்த நேரத்தில் அவள் அப்பா பெரியண்ணன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே, காட்டுப்பன்றிக்குப் பயந்து தன் மரவள்ளிக் கொல்லையைச் சுற்றிப் பழைய புடவை கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதிலும் ஆள் குண்டுக்கல்லாட்டம் இருந்தார். நடுக்கடலில் தனக்கு இப்படி ஒரு மரியாதை நடக்கிறது என்று அந்த மனிதருக்கு யார் போய்ச் சொல்வது?

அவரைக் கொன்றவர் ராஜாங்கம். கத்தி, கம்பு எதுவும் எடுக்கவில்லை. லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்.

ராஜாங்கம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், மலைப்பிள்ளைகளின் கல்விக்கென்று அறக்கட்டளை நடத்துபவர். மலையில் பிறந்தவர் இல்லை. மலையேறினால் அவருக்கு வாந்தி வரும். ஆனால் மலையைப் பற்றி ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நான்கு மாதம் நாடு நாடாகப் போய்க்கொண்டே பாடம் நடத்துகிறது, அதில் ஏழைப் பிள்ளைகள் ஆறு பேருக்கு இலவச இடம் உண்டு என்பதை மோப்பம் பிடித்தவரும் அவர்தான். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உன் வாழ்க்கையப் பொரட்டிப் போட்ட சம்பவம் எதுன்னு விண்ணப்பத்துல கேட்டுக்கிறான். சொல்லு."

தமிழ்ப்ரியா யோசித்துப் பார்த்தாள். பிளஸ் டூவில் கணக்கில் நாலு மார்க் குறைந்தது ஞாபகம் வந்தது. "ஒண்ணும் பொரளலயே சார்" என்றாள்.

"அப்பிடிச் சொன்னா எவன் சீட்டு குடுப்பான்? அவனுங்களுக்குக் கள்ளக்குறிச்சின்னா இன்னா தெரியும்? போன்ல தேடுனா சாராயச் சாவுதான் வருது. நான் பாத்துக்கறேன், நீ போ."

பார்த்துக்கொண்டார். இடம் கிடைத்து, விசாவுக்குக் காகிதம் அடுக்கும்போதுதான் அவள் பெயரில் ராஜாங்கம் எழுதி அனுப்பிய கட்டுரையைத் தமிழ்ப்ரியா படித்தாள். அதில் அவள் அப்பா கள்ளச்சாராயம் குடித்து, கண் தெரியாமல் போய், அவள் மடியில் தலைவைத்து உயிரை விட்டிருந்தார். கடைசி வார்த்தையாக "படி" என்று வேறு சொல்லியிருந்தார். நிஜத்தில் பெரியண்ணன், மகள் பிறந்த அன்று கரியராமன் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு, இருபது வருடமாகச் சொட்டு தொடாதவர். படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'சாப்ட்டியா' என்றுதான் கேட்பார்.

"இன்னா சார் இது?" என்று அழுதவளை ராஜாங்கம் தேற்றினார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. நான் ஒரே ஒரு பொய்யில உன்ன ஒலகம் சுத்த வுடறேன். இன்னும் இன்னா?"

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் கருணாபுரத்துக் கலையரசி. அவள் அப்பா, கள்ளக்குறிச்சியில் கொத்தாகச் சாவு விழுந்த அந்த ஜூன் மாதத்தில் நிஜமாகவே சாராயத்தில் போனவர். அவளும் அதே கப்பலுக்குத் தானே எழுதிப் போட்டிருந்தாள். கப்பல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை என்று எழுதினாளே தவிர, அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. "அதச் சொல்லி வாங்கற சீட்டு எனக்கு வாணாம்டி" என்றாள். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. தமிழ்ப்ரியா அவள் குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டி கட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட ஆசை ஒரு கைப்பிடி ஜாஸ்தியாக இருந்தது.

கடலை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கோமுகி அணை நிரம்பி நிற்பதைப் பார்த்து அதுவே பெரிது என்று நினைத்திருந்தவள். கப்பல் லிஸ்பனை விட்டுக் கிளம்பிய அரைமணியில் தரை ஒரு பக்கம் போக, குடல் மறுபக்கம் போனது. இரண்டு நாள் ஜன்னலில்லாத அறையில் சுருண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் அறிமுகக் கூட்டம் என்று எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். நடத்தியவர் டாக்டர் மார்கரெட். அறுபது வயது, வெள்ளை முடி, துக்கத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். அடுத்தவர் துக்கத்தைப் படித்தே பெரிய ஆளானவர் என்றாலும் கெட்ட மனசு இல்லை. "உன் அப்பாவைப் பற்றி எங்களிடம் சொல்வாயா?" என்று அவர் ஆரம்பிக்கவும் கப்பல் ஓர் ஆட்டம் ஆடவும் சரியாக இருந்தது. தமிழ்ப்ரியா கண் நிறைய நீரோடு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வாந்தி எடுத்து முகம் கழுவித் திரும்பி வந்தபோது கூட்டம் முழுக்கத் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் கொடுத்த விதிப்புத்தகத்தில் பதினான்காம் பக்கம் இருந்தது. விண்ணப்பத்தில் பொய் இருந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவோம் என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊர்க் கல்லூரியோ, கப்பல் மார்க்கோடு வந்தால்தான் இந்த வருடம் செல்லும் என்று எழுதி வாங்கியிருந்தது. இறக்கிவிட்டால் கப்பலும் போச்சு, காலேஜும் போச்சு.

கப்பல் படிப்பு என்றால் சும்மா இல்லை. காலையில் ஒலிபெருக்கியில் கேப்டன் வந்து காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். நாலைந்து நாளைக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்வார். தள்ளி வைக்க மறந்த அன்று வகுப்பு போச்சு. எட்டு மணிக்கு ஆறாம் தளத்தில் 'உலக வறுமை: ஓர் அறிமுகம்'. பக்கத்திலேயே சமையல்கட்டு, ரொட்டி சுடும் வாசனையோடுதான் வறுமையைப் படிக்க வேண்டும். டால்பின் தெரிகிறது என்று யாராவது கத்தினால் வறுமையை அப்படியே போட்டுவிட்டு வாத்தியார் உட்பட எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். மத்தியானம் உருளைக்கிழங்கு. வேகவைத்தது, வறுத்தது, மசித்தது. சோறு வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் மாதிரி ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்டாது. சாப்பிட்டதும் 'தண்ணீர்ப் பஞ்சம்' வகுப்பு. அது முடிந்ததும் நீச்சல் குளம்.

அறைத்தோழி கிளாரா கனடாக்காரி. தமிழ்ப்ரியா தன் சுடிதாரைக் கைகழுவும் தொட்டியில் துவைத்துக் காயப்போட்டதைப் படம் எடுத்து, பழங்குடிப் பெண்களின் நீர் ஞானம் என்று இரண்டு பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கினாள். துணியைச் சலவைக்குப் போட வெட்கமாக இருந்ததுதான் ஞானம்.

எழுதுவதற்குத் தமிழ்ப்ரியாவுக்கும் ஓர் ஏடு கொடுத்திருந்தார்கள். அன்றாடம் என்ன உணர்ந்தாய் என்று அதில் எழுத வேண்டும். முதல் வாரம் அவள், 'இன்று நான்கு முறை வாந்தி. சோறு அரைவேக்காடு' என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். 'இன்னும் ஆழமாகப் போ' என்று சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார் டாக்டர் மார்கரெட். அடுத்த வாரம் 'அலைச் சத்தத்தில் அப்பாவின் குரல் கேட்டது' என்று எழுதினாள். 'ஏ' கிடைத்தது. பிள்ளைகளுக்கு மார்க் வரும் வழியைக் காட்ட வேண்டியதே இல்லை, மாடு தண்ணித்தொட்டியைக் கண்டுகொள்கிற மாதிரி தானே போய்விடும். அதன்பிறகு அலை, மேகம், மொம்பாசாவில் பார்த்த மாங்காய் எல்லாவற்றிலும் அப்பா தெரிந்தார். வகுப்பு தூங்கி வழியும்போதெல்லாம் டாக்டர் மார்கரெட் அவள் பக்கம் திரும்புவார். "அப்பா போனபோது எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தாய்?" "மூன்று நாள், மேடம்." நாற்பது பேனா அதைக் குறித்துக்கொள்ளும்.

துறைமுகத்தில் போன் எடுத்தால் மலையிலிருந்து பெரியண்ணன் கேட்பார், "சாப்ட்டியா பாப்பா?" மத்தியானம்தான் அவரைச் சாகடித்துவிட்டு வந்திருப்பாள். "சாப்ட்டேம்பா" என்று வைத்துவிடுவாள்.

மொம்பாசாவைத் தாண்டிய இரண்டாம் நாள் டாக்டர் மார்கரெட் வகுப்பில் கைதட்டி ஓர் அறிவிப்புச் சொன்னார். சென்னையில் கப்பல் நிற்கும்போது மகாபலிபுரம் போகப் போவதில்லை. தமிழ்ப்ரியாவின் மலைக்குப் போகிறோம். அவள் அப்பாவின் நினைவாக எல்லோரும் சேர்ந்து ஒரு மரம் நடப்போகிறோம்! நாற்பது பேரும் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் ஆடுகிறது என்று நினைத்துக் கிளாரா தாங்கிப் பிடித்தாள்.

கப்பல் வைஃபையில் ராஜாங்கத்தைப் பிடித்தாள். அவர் அசரவில்லை. "ரெண்டு நாளு அப்பன சேலத்துக்கு அனுப்பிட்டா முடிஞ்சிது" என்றார். மறுநாள் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. பெரியண்ணன் சேலம் போக மறுத்துவிட்டாராம். பொண்ணு வர்ற அன்னிக்கு நான் எதுக்குச் சேலத்துக்குப் போவணும் என்று கேட்டாராம். சரி, எங்கேயாவது ஓர் ஓரமாக நிற்கட்டும் என்றால், அம்மா பெருமாயி இருக்கிறாள். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மணக்கும் தாலி. இந்தியாவில் புருஷன் செத்தவள் பொட்டு வைக்கமாட்டாள் என்று மார்கரெட் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

"பொட்ட அழிக்கச் சொன்னீங்களா சார்?"

"கேட்டேன். வெறகுக் கட்டையத் தூக்கினு வந்துட்டாங்க." ராஜாங்கம் மூச்சு விட்டுக்கொண்டார். "அதனால வேற ரோசனை பண்ணிக்கிறேன். உங்க சனத்துல அறுத்துக் கட்டற வழக்கம் இருக்குதில்ல? அப்பன் செத்துட்டான், ஆத்தா இன்னொருத்தரக் கட்டிக்கிச்சு. அந்த இன்னொருத்தரு உங்கப்பன். நீ ஒரு நாளைக்கி சித்தப்பான்னு கூப்புடு. பொட்டும் அப்பிடியே இருக்கும், ஆளும் அப்பிடியே இருப்பாரு."

"அப்பா ஒத்துக்கினாரா?"

"காகிதத்துல செத்தாத்தான் கப்பல்ல எடம்னு சொன்னேன். சிரிச்சாரு. செத்தேன்னு சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னாரு." சாராயம் என்பதை மட்டும் அவர் பெரியண்ணனிடம் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் காம்பையா வெளியே விடுவார்?

சென்னையில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை வடக்கனந்தல் வழியாக பஸ் மலையேறியது. கடலில் ஏழு வாரம் சிரித்துக்கொண்டே வந்த பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளில் வரிசையாகப் பை கேட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஏறிக்கொண்ட ராஜாங்கம் இரண்டு பை வாங்கினார். தமிழ்ப்ரியா ஒருத்திதான் நேராக உட்கார்ந்திருந்தாள். வாந்தி வந்தால்கூடத் தேவலை போலிருந்தது. வயிற்றுக்குள் இருந்தது பயம்.

ஊர் முகப்பில் பெருமாயி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் பெரியண்ணன், பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையில், மகளைப் பார்த்ததும் இரண்டெட்டு ஓடி வந்துவிட்டார். ராஜாங்கம் குறுக்கே பாய்ந்தார். "இவர் பெருமாயியின் இரண்டாவது கணவர்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார்.

தமிழ்ப்ரியா வாயைத் திறந்தாள். ஏழு வாரம் எத்தனையோ பொய் வழுக்கிக்கொண்டு வந்த வாயில் இந்த ஒரு சொல் முள்ளாகக் குத்தியது. "நல்லா கீறீங்களா சித்தப்பா?"

பெரியண்ணன் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு சிரித்துக்கொண்டார். "நல்லா கீறேம்மா. எளச்சிப் பூட்டியே."

பெருமாயி தட்டைச் சுற்றியபடியே மகள் காதில் பல்லைக் கடித்தாள். "அறுத்துக் கட்டறது நம்ம சனத்துல இருக்குது, இல்லன்னு சொல்லல. அறுக்காமயே எப்பிட்றி கட்றது? இருவத்திரண்டு வருசமா ஒரே ஆளோட குப்ப கொட்டிக்கினு கீறேன், இவரு வந்து எனக்கு ரெண்டாந்தாரமாமே!"

அன்று காலை முழுக்க அந்த வீட்டில் ஆராய்ச்சி நடந்தது. கேழ்வரகுக் களியை அளந்தார்கள். சாமைப் பானையைப் படம் எடுத்தார்கள். "உன் சித்தப்பா உன்னிடம் நன்றாக நடந்துகொள்கிறாரா?" என்று டாக்டர் மார்கரெட் தனியாக அழைத்துக் கேட்டார். "ரொம்ப நல்லவர், மேடம்." "மறைக்காதே." பெரியண்ணன் அந்தப் பக்கம் மகளுக்காகப் பொறுக்கி வைத்திருந்த தேன் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளாரா தன் ஏட்டில், 'வளர்ப்புத் தந்தை பரிசுகளால் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்' என்று எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் மரம் நடுகிற வேலை. கொல்லை ஓரத்தில் குழி வெட்டக் கப்பல் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கொத்து கொத்தி, கை கொப்பளித்து, மண்வெட்டியைப் பெரியண்ணனிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, எருப் போட்டு, நாவல் கன்றை நட்டு, மண்ணை அணைத்தார். மரம் நடுகிறதில் அவருக்குச் சந்தோஷம்தான். அப்போது ராஜாங்கம் பஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றினார். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். தமிழ் வேண்டும் என்று டாக்டர் மார்கரெட் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார், உள்ளூர் மொழிக்கு மரியாதையாம்.

பெரியண்ணன் ஐந்தாவது வரை படித்தவர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "கள்ளச் சாராயத்துக்குப் பலியான... அமரர்... பெரியண்ணன்... நினைவாக."

இன்னொரு முறை படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"சார், செத்தேன்னு சொன்னீங்க, செரின்னேன். குடிச்சிச் செத்தேன்னு யாரு சொன்னது?"

"கவுண்டரே, அது சும்மா போர்டு..."

"கருணாபுரத்துல மூணு வூட்டுக்குப் போயி துக்கம் கேட்டவன் சார் நானு. அந்த வூட்டுப் பொம்பளைங்க அழுதது இன்னும் காதுல கீது. அவங்க சாவ நான் எட்து வச்சிக்கினா நாயமா?" பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "நீ படிச்சியா பாப்பா இத? உனக்குத் தெரியுமா?"

தமிழ்ப்ரியாவுக்குப் பதினான்காம் பக்கம் கண்முன் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டியோடு நிற்பது வந்தது. வீணாய்ப்போகும் வருடம், கைவிட்டுப்போகும் படிப்பு, எல்லாம் வந்தது. அவள் அப்பாவின் சேறு படிந்த கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இவர்தான் பெரியண்ணன். என்னைப் பெற்ற அப்பா. இவர் சாகவில்லை. குடிப்பவரும் இல்லை. விண்ணப்பத்தில் இருந்தது பொய். அது பொய் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும்."

சொன்னதும் அவளுக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. இறக்கிவிட்டால் விடட்டும்.

டாக்டர் மார்கரெட் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் தளும்பியது. "ஏழு வாரம் இதற்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா? மரணத்தையே அழித்துவிட்டு, புது மனிதரை அப்பாவின் இடத்தில், அப்பாவின் பெயரிலேயே உட்காரவைத்துவிட்டாள். என் இரண்டாவது புத்தகத்தில் நான்காம் அத்தியாயம்" என்றார்.

"இல்லை மேடம், நிஜமாகவே இவர்தான் அப்பா."

"ஆமாம் கண்ணே, நிஜமாகவே."

"ஆதார் அட்டை இருக்கிறது, காட்டுகிறேன். அதில் பெயர், படம் எல்லாம்..."

டாக்டர் மார்கரெட் அவள் கையை மெல்ல அமுக்கினார். "அன்புக்கு அடையாள அட்டை வேண்டாம்."

தமிழ்ப்ரியா அம்மாவைப் பிடித்து இழுத்துவந்தாள். பெருமாயி குங்குமத்தைத் தொட்டுக் காட்டி, "இவருதாம்மா கட்ன புருசன், இவருதான் பெத்த அப்பன், கரியராமன் மேல சத்தியம்" என்று போட்டு உடைத்தாள். ராஜாங்கம் மொழிபெயர்த்தார். "சாமி சாட்சியாக இவரை மகளுக்குத் தகப்பனாக ஏற்றுக்கொண்டேன் என்கிறார்." அது தப்பு, அவர் சொல்வது தப்பு என்று தமிழ்ப்ரியா கத்தினாள். அவள் கத்தக் கத்த டாக்டர் மார்கரெட் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். கிளாரா முதலில் கைதட்டினாள். பிறகு நாற்பது பேரும் தட்டினார்கள், சிலர் அழுதுகொண்டே.

பெரியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சொன்ன பாப்பா?"

"உண்மையச் சொல்ட்டேம்பா."

"அவங்க இன்னா சொல்றாங்க?"

"நம்ப மாட்டேன்றாங்கப்பா."

அவர் ஒருமுறை பலகையைப் பார்த்தார், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் இத்தனை பேர் தட்டும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துவிட்டுத் தானும் மெல்லத் தட்டினார். அதைப் பார்த்ததும் தமிழ்ப்ரியாவுக்கு அழுகை வெடித்தது. அத்தனை வாரத்தில் அவள் அப்பாவுக்காக நிஜமாக அழுதது அப்போதுதான். டாக்டர் மார்கரெட் அவளை விட்டுவிட்டு, பையிலிருந்து மார்க் ஏட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே 'ஏ பிளஸ்' என்று எழுதினார்.